தத்துக் கொடுத்த நாய் திரும்பி வருவது ஏன்?

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

தெருநாய் வழக்கில் உச்ச நீதிமன்றம் 2025 ஆகஸ்ட் 22 அன்று பிறப்பித்த உத்தரவில், கருத்தடை செய்து பிடித்த இடத்திலேயே விடுவது பற்றியும் உணவிடும் இடங்கள் பற்றியும் ஊரெல்லாம் பேசியது. அதே உத்தரவில் தத்தெடுப்பு பற்றியும் ஒரு பகுதி இருக்கிறது. விருப்பமுள்ளவர்கள் உள்ளாட்சி அமைப்பிடம் விண்ணப்பித்துத் தெருநாயைத் தத்தெடுக்கலாம். ஆனால் அது மறுபடி தெருவுக்கு வராமல் பார்த்துக்கொள்வது அவர்கள் பொறுப்பு. நவம்பர் 7 அன்று, பள்ளி, மருத்துவமனை, பேருந்து நிலையம், ரயில் நிலையம் போன்ற வளாகங்களில் திரியும் நாய்களை அகற்றிக் காப்பகத்தில் வைக்க வேண்டும் என்று அதே நீதிமன்றம் சொன்ன பிறகு, தத்தெடுக்கச் சொல்லும் குரல்கள் கூடியிருக்கின்றன. கூடட்டும். நாய்க் காப்பகத் தன்னார்வலர்களான எங்கள் கவலை, தத்துக் கொடுத்த நாய் இரண்டு வாரத்தில் திரும்பி வருவதைப் பற்றியது.

‘கடிக்க வருகிறது’, ‘சாப்பிடவே மாட்டேன் என்கிறது’, ‘வீடெல்லாம் மூத்திரம்’, ‘கதவைத் திறந்ததும் ஓடிப்போய்விட்டது’. திருப்பிக் கொண்டுவருபவர்கள் சொல்லும் காரணங்கள் பெரும்பாலும் இந்த நான்குக்குள் அடங்கிவிடும். இவற்றில் நாயின் பிறவிக் குணம் என்று சொல்லத்தக்கது அரிது. முதல் பதினைந்து நாளில் வீட்டார் அன்பு மிகுதியால் செய்யும் சில காரியங்களின் விளைவுதான் பெரும்பாலும். சென்னையில் நாட்டு நாயை, அதிலும் தெருவிலிருந்து மீட்ட வளர்ந்த நாயை, வீட்டுக்கு அழைத்துப் போகிறவர்களை மனத்தில் வைத்து இதை எழுதுகிறோம். கடிதம் சற்று நீளம், பொறுத்துக்கொள்ள வேண்டும்.

முதலில் குட்டியா, வளர்ந்த நாயா என்ற கேள்வி. தத்தெடுப்பு முகாமுக்கு வருகிறவர்களில் பத்துக்கு ஒன்பது பேர் குட்டியைத்தான் தேடுகிறார்கள். வீட்டில் பகல் முழுக்க ஆள் இருந்தால் சரி. இரண்டு மாதக் குட்டியால் மூன்று மணி நேரத்துக்கு மேல் மூத்திரத்தை அடக்க முடியாது; பார்க்கும் செருப்பையெல்லாம் கடிக்கும்; தடுப்பூசி முடியும்வரை தெருவில் இறக்கவும் கூடாது. கணவனும் மனைவியும் வேலைக்குப் போகிற வீட்டுக்கு இரண்டு மூன்று வயது நாய்தான் பொருத்தம். அதன் உயரம், குணம், குழந்தைகளிடமும் பூனையிடமும் எப்படி நடந்துகொள்ளும் என்பதெல்லாம் ஏற்கெனவே தெரிந்திருக்கும். காதில் சிறு வெட்டு இருந்தால் கருத்தடை ஆன நாய். ‘பெரிய நாய் நம்மிடம் ஒட்டாது’ என்பது வெறும் பேச்சு.

அழைத்து வரும் நாளுக்கு முன்பே வாங்கி வைக்க வேண்டியவை அதிகமில்லை. கழுத்துப்பட்டை, மார்போடு மாட்டும் ஹார்னஸ், ஐந்தடி லீஷ், இரண்டு கனமான கிண்ணம், பழைய பெட்ஷீட் இரண்டு, நான்கைந்து கோணிச் சாக்கு. சாக்கு எதற்கு என்று கேட்கலாம். மண்ணிலும் தாரிலும் நடந்து பழகிய நாய்க்கு டைல்ஸ் தரை வழுக்கும். கால் விரிந்து ஒருமுறை விழுந்தால், மறுநாள் சுவரை ஒட்டியே நிற்கும், கூப்பிட்டால் வராது. நாய் படுக்கும் இடத்திலிருந்து தண்ணீருக்கும் வாசலுக்கும் போகும் வழியில் சாக்கோ கயிற்று மிதியடியோ விரித்து வைத்தால் இந்தப் பயமே வராது. மெத்தென்ற நாய்ப் படுக்கைக்குப் பணம் செலவழிப்பவர்கள் இந்தச் சாக்கை மறந்துவிடுகிறார்கள்.

கழுத்துப்பட்டை மட்டும் போதாது. நாட்டு நாயின் கழுத்துக்கும் தலைக்கும் சுற்றளவில் பெரிய வித்தியாசம் கிடையாது. பயந்தால் பின்வாங்கித் தலையைக் குனியும். பட்டை அப்படியே உருவிக்கொண்டு வந்துவிடும். இரண்டு விரல் நுழையும் அளவுக்கு மேல் தளர்வாகப் போடக் கூடாது. லீஷை ஹார்னஸில் கோத்து, ஒரு சிறு கயிறால் ஹார்னஸையும் பட்டையையும் இணைத்துவிட்டால் ஒன்று கழன்றாலும் மற்றது பிடிக்கும். பட்டையில் வீட்டாரின் கைப்பேசி எண் இருக்க வேண்டும். இதைக் காப்பக வாசலிலேயே மாட்ட வேண்டும், வீட்டுக்குப் போய் அல்ல. நாய்கள் தப்புகிற இடங்கள் மூன்றுதான்: வண்டியின் கதவு, வீட்டு வாசல், ஆஸ்பத்திரி வாசல்.

வளர்ந்த நாயை டூவீலரில் நடுவில் உட்கார வைத்துக் கொண்டு போகாதீர்கள். ஆட்டோவோ காரோ போதும். புறப்படுவதற்கு நான்கு மணி நேரம் முன்பே சாப்பாட்டை நிறுத்தச் சொல்லுங்கள். வண்டியில் வாந்தி எடுக்கிற நாய் அந்த வண்டியையே பிறகு வெறுக்கும். இருவராகப் போய், ஒருவர் நாயின் பக்கத்தில் தரையோடு இருப்பது நல்லது. காப்பகத்தில் அது படுத்திருந்த துணி ஒன்றையும் கேட்டு வாங்கி வாருங்கள், துவைக்காமல்.

வீட்டுக்கு வந்தாயிற்று. இங்கேதான் தவறுகள் தொடங்குகின்றன. முதல் நாளே ஷாம்பு போட்டுக் குளிப்பாட்டுவது எல்லாவற்றிலும் மோசம். தெரியாத ஆட்கள், தெரியாத இடம், வழுக்கும் குளியலறை, தலையில் தண்ணீர். அந்தக் கைகளை அது நல்ல கைகளாக நினைக்க எந்தக் காரணமும் இல்லை. இதற்கு மருத்துவக் காரணமும் உண்டு. கருத்தடை ஆகி இரண்டு வாரம் ஆகாத நாயின் தையல் நனைந்தால் சீழ் பிடிக்கும். முதுகில் உண்ணி மருந்து விட்டிருந்தால், அதற்கு முன்னும் பின்னும் இரண்டு நாள் குளிப்பாட்டக் கூடாது. நாற்றம் தாங்கவில்லை என்றால் ஈரத்துணியால் துடையுங்கள். பத்து நாள் கழித்து, தையலும் ஆறியிருந்தால், குளிக்கட்டும்.

அடுத்தது உறவினர் வருகை. ‘தத்தெடுத்திருக்கிறோம்’ என்று சொன்னதும் மாடி வீட்டுக் குழந்தைகள், அத்தை, அலுவலக நண்பர்கள் எல்லாரும் பார்க்க வருவார்கள். ஒவ்வொருவரும் தலையில் கை வைப்பார்கள். முதல் ஒரு வாரம் யாரும் வர வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். மனம் நோகும்தான், பரவாயில்லை.

நாய்க்கு ஒரு மூலை வேண்டும். மூன்று பக்கம் மறைவாக, ஒரு பக்கம் திறந்து, வீட்டார் நடமாட்டம் கண்ணில் படும்படியான இடம். ஹாலின் ஓரத்தில் மேசைக்கு அடியில் அந்தத் துணியை விரித்தால் போதும். பால்கனி வேண்டாம், மொட்டை மாடி வேண்டவே வேண்டாம். வெயில் ஒருபுறம், சுவரைத் தாண்டிக் குதிக்கும் ஆபத்து ஒருபுறம், தனிமையில் ராத்திரி முழுக்கக் குரைத்து அக்கம்பக்கத்துக்காரரின் புகார் ஒருபுறம். மூலைக்குள் படுத்திருக்கும்போது யாரும் கை நீட்டக் கூடாது. அதுவாக வெளியே வந்து மோந்து பார்க்கட்டும். பக்கத்தில் தரையில், பக்கவாட்டில் திரும்பி உட்கார்ந்து பேப்பர் படியுங்கள். நேருக்கு நேர் கண்ணைப் பார்ப்பதும் மேலிருந்து குனிந்து தலையைத் தடவுவதும் நாய் மொழியில் மிரட்டல். தடவுவதானால் மார்புக்கு அருகில், மூன்று நொடி, கையை எடுங்கள், இன்னும் வேண்டும் என்றால் அது நெருங்கி வரும்.

மூன்று நாள், மூன்று வாரம், மூன்று மாதம் என்று நாய் வளர்ப்பவர்கள் ஒரு கணக்குச் சொல்வார்கள். மிரட்சி தணிய மூன்று நாள், வீட்டின் நடைமுறை பிடிபட மூன்று வாரம், இது என் வீடு என்று நம்ப மூன்று மாதம். தோராயக் கணக்குதான், சங்கிலியில் அடிபட்டு வளர்ந்த நாய்க்கு ஆறு மாதமும் ஆகும். ஆனால் ஒன்றைக் கவனிக்க வேண்டும்: முதல் மூன்று நாளில் ‘எவ்வளவு சமத்து!’ என்று தோன்றும் நாய் உண்மையில் பயத்தில் உறைந்திருக்கலாம். இரண்டாவது வாரத்தில் குரைக்கும், சோபாவில் ஏறும், துணியை இழுக்கும். குணம் கெட்டுவிட்டது என்று நினைத்து அப்போது திருப்பிக் கொண்டுவருகிறார்கள். பயம் தெளிந்து சொந்த முகம் தெரிய ஆரம்பிக்கிற நேரம் அது.

தெருநாய்க்கு வண்டிச் சத்தம் பழக்கம்; வீட்டுச் சத்தம் புதிது. குக்கர் விசில், மிக்ஸி, அழைப்பு மணி, பூஜை மணி, மேலே சுற்றும் மின்விசிறி எல்லாமே அதற்கு அதிசயம். மிக்ஸி ஓடும்போது இரண்டு அறை தள்ளி யாராவது அதற்கு வேகவைத்த கோழித்துண்டு கொடுத்துக்கொண்டிருந்தால், ஒரு வாரத்தில் மிக்ஸி என்றால் கோழி என்று ஆகிவிடும். லிஃப்ட்டும் அப்படித்தான். இழுத்து உள்ளே தள்ளாதீர்கள். கதவு திறந்திருக்கும்போது வாசலில் ஒரு துண்டு, மறுநாள் உள்ளே ஒரு துண்டு, அதற்கு அடுத்து ஒரே ஒரு மாடி. அதுவரை படியில் ஏறுங்கள், உடம்புக்கும் நல்லது.

சாப்பாட்டுக்கு வருவோம். காப்பகத்தில் என்ன போட்டார்களோ அதையே முதல் மூன்று நாள் போடுங்கள். பிறகு புதிய உணவைக் கால் பங்கு, அரைப் பங்கு, முக்கால் பங்கு என்று ஒரு வாரத்தில் மாற்றினால் வயிறு கெடாது. பதினைந்து கிலோ எடையுள்ள வளர்ந்த நாய்க்கு ஒரு நாளைக்குச் சுமார் 850 கலோரி வேண்டும். பாக்கெட் தீவனமானால் ஏறக்குறைய 240 கிராம். வீட்டுச் சமையலானால் 300 கிராம் சாதம், 200 கிராம் எலும்பில்லாத வெந்த கோழி, ஒரு முட்டை, ஒரு கைப்பிடி பூசணியோ கேரட்டோ, ஒரு தேக்கரண்டி எண்ணெய். எல்லாம் வெந்த பிறகான எடை. இதைக் காலை, மாலை என இரண்டாகப் பிரிக்கலாம். இதில் சுண்ணாம்புச் சத்து குறைவு. அரை தேக்கரண்டி முட்டை ஓட்டுப் பொடி தினமும் சேர்த்தால் அந்தக் குறை தீரும். குட்டிகளுக்கு இந்தக் கணக்கு ஆகாது. எலும்பு வளரும் வயதில் சுண்ணாம்புச் சத்து கூடினாலும் குறைந்தாலும் கால் வளையும். கால்நடை மருத்துவரிடம் கேட்டே கொடுக்க வேண்டும்.

எலும்பும் தோலுமாக வந்த நாய்க்கு முதல் நாளே வயிறு நிறையப் போடுவது கருணை போலத் தெரியும், ஆபத்து அது. பாதி அளவை நான்கைந்து வேளையாகத் தொடங்கி ஒரு வாரத்தில் முழு அளவுக்குக் கொண்டுவர வேண்டும். தயிர்சாதத்தை மட்டும் மாதக்கணக்கில் போடும் வீடுகள் நிறைய. பசி ஆறும்; புரதம் போதாமல் முடி கொட்டும். பால் கொடுத்தால் பல நாய்களுக்குக் கழிச்சல் வரும். வெங்காயமும் பூண்டும் போட்ட சாம்பார், குருமா, பிரியாணி எதுவும் கூடாது. வெங்காயம் ரத்தச் சிவப்பணுக்களை உடைக்கும். உண்ணிக் காய்ச்சலில் ஏற்கெனவே ரத்தம் குறைந்திருக்கும் நாய்க்கு அது இரட்டை அடி. திராட்சை, சாக்லேட், வெந்த எலும்பு ஆகியவையும் வேண்டாம்.

உண்ணிக் காய்ச்சல் என்று சொன்னோம். தத்தெடுப்பவர்கள் அதிகம் ஏமாறும் இடம் இதுதான். முதல் இரண்டு மூன்று நாள் நாய் சரியாகச் சாப்பிடாதது பயத்தால். தண்ணீர் குடிக்கிறதா, ராத்திரி யாரும் பார்க்காதபோது கொஞ்சமாவது தின்கிறதா என்று கவனித்தால் போதும். ஆனால் முதல் வாரம் நன்றாகச் சாப்பிட்டுவிட்டு இரண்டாவது வாரத்தில் நிறுத்தினால் அதைப் பயம் என்று நினைக்கவே கூடாது. இந்தக் காய்ச்சலை உண்டாக்கும் எர்லிக்கியா என்ற கிருமி உண்ணி கடித்த ஒன்றிலிருந்து மூன்று வாரத்தில் வெளிப்படும். கடி காப்பகத்தில் நடந்திருக்கும், காய்ச்சல் உங்கள் வீட்டில் வரும். ஈறு வெளுத்திருக்கும், உடம்பு கொதிக்கும், சில நாய்களுக்கு மூக்கில் ரத்தம் வரும். ‘பழைய இடத்தை நினைத்து ஏங்குகிறது’ என்று நான்கு நாள் பொறுத்திருந்தால் ரத்தம் உறைய உதவும் தட்டணுக்கள் அபாய அளவுக்கு இறங்கிவிடும். அன்றே ரத்தப் பரிசோதனை செய்ய வேண்டும். எர்லிக்கியாவானால் டாக்ஸிசைக்ளின் மாத்திரையை 28 நாள் கொடுக்கச் சொல்வார்கள். ஐந்தாம் நாளே நாய் துள்ளும், உடனே மாத்திரையை நிறுத்துபவர்கள் அதிகம். நிறுத்தினால் திரும்ப வரும். வீட்டில் இருக்கிற பாரசிட்டமாலையோ புரூஃபெனையோ கொடுத்துப் பார்க்காதீர்கள்.

உண்ணி நாயின் மேல் மட்டும் இருப்பதில்லை. ரத்தம் குடித்த பெண் உண்ணி கீழே இறங்கிச் சுவர் விரிசலிலும் கதவு இடுக்கிலும் ஆயிரக்கணக்கில் முட்டையிடும். நாய்க்கு மட்டும் மருந்து போட்டுவிட்டு ‘மறுபடியும் வருகிறதே’ என்று சலித்துக்கொள்வது இதனால்தான். விரிசலைப் பூசுங்கள், படுக்கைத் துணியை வாரம் ஒருமுறை வெந்நீரில் துவையுங்கள், மருத்துவர் சொல்லும் இடைவெளியில் மருந்தைத் தவறாமல் தொடருங்கள். ஒட்டியிருக்கும் உண்ணியின் மேல் மண்ணெண்ணெய் ஊற்றக் கூடாது. தோலை ஒட்டிச் சாமணத்தால் பிடித்து நேராக இழுக்க வேண்டும். வீட்டில் பூனையும் இருந்தால் பெர்மெத்ரின் கலந்த நாய் மருந்தை அண்ட விடாதீர்கள். பூனைக்கு அது விஷம்.

தடுப்பூசி அட்டையில் மருந்துக் குப்பியின் ஸ்டிக்கர் ஒட்டியிருக்கிறதா என்று பாருங்கள். வெறும் தேதியும் கையெழுத்தும் மட்டும் இருந்தால் மருத்துவரிடம் காட்டி, தேவையானால் மறுபடி போட்டுக்கொள்வதே மேல். குட்டிக்கு ஆறிலிருந்து எட்டு வாரத்தில் தொடங்கி மூன்று நான்கு வாரத்துக்கு ஒருமுறை, பதினாறு வாரம்வரை பார்வோ, டிஸ்டெம்பர் என்ற உயிர்க்கொல்லி வைரஸ் நோய்களுக்கான ஊசி. வெறிநோய் ஊசி மூன்று மாதத்தில், பிறகு ஆண்டுதோறும். முதல் வெறிநோய் ஊசி போட்ட அன்றே பாதுகாப்பு வந்துவிடாது, நான்கு வாரம் ஆகும். எலிக்காய்ச்சலுக்கான ஊசியும் சேர்ந்திருக்கிறதா என்று கேளுங்கள். மழைக்காலத்தில் தண்ணீர் தேங்கும் பகுதிகளில் அது அவசியம். வீட்டில் வேறு நாய் இருந்தால் புதிய நாயை இரண்டு வாரம் தனி அறையில் வைக்க வேண்டும். முன்பு பார்வோவில் குட்டி இறந்த வீடானால், ஊசி முடியாத குட்டியைக் கொண்டுவரவே கூடாது. அந்தக் கிருமி மாதக்கணக்கில் தரையில் உயிரோடிருக்கும். சாதாரண ஃபினாயிலுக்கு அடங்காது. தரையைச் சோப்புப் போட்டுக் கழுவிய பிறகு, ஒரு பங்கு பிளீச் திரவத்தில் முப்பது பங்கு தண்ணீர் கலந்து பத்து நிமிடம் ஊற விட வேண்டும்.

இன்னொன்று. கருத்தடை ஆன பெண் நாய்க்குப் பின்புறத்தில் ரத்தம் சொட்டினால் ‘பருவத்துக்கு வந்திருக்கிறது, ஆபரேஷன் சரியாகச் செய்யவில்லை’ என்று சண்டைக்கு வருவார்கள். காரணம் வேறாக இருக்கலாம்: தெருநாய்களில் இணைசேர்க்கையால் பரவும் ஒரு வகைக் கட்டி சாதாரணம். வாரம் ஒரு வின்கிறிஸ்டின் ஊசி வீதம் சில வாரங்களில் பெரும்பாலும் முழுக்கக் குணமாகிவிடும். தாமதிக்காமல் காட்டினால் போதும்.

மூத்திரப் பிரச்சினைக்கு நாயைத் திட்டிப் பயனில்லை. மண்ணில் போய்ப் பழகிய நாய்க்கு டைல்ஸும் ஒன்றுதான், தெருவும் ஒன்றுதான் என்று கிடையாது. பல நாய்கள் வீட்டுக்குள் போகக் கூடாது என்று பன்னிரண்டு மணி நேரம் அடக்கி வைத்திருந்து கடைசியில் தாங்காமல் விட்டுவிடும். தூங்கி எழுந்ததும், சாப்பிட்டுக் கால் மணி நேரத்திலும், படுக்கும் முன்னும் ஒரே மண்தரைக்கு ஒரே வழியில் அழைத்துப் போங்கள். போனதும் அங்கேயே, அந்த நொடியே ஒரு தின்பண்டம். வீட்டுக்கு வந்து கொடுத்தால் எதற்குக் கொடுத்தீர்கள் என்று அதற்குத் தெரியாது. உள்ளே போய்விட்டால் மூக்கைப் பிடித்துத் தரையில் தேய்க்கும் பழைய வழக்கத்தை விட்டுவிடுங்கள். அது கற்றுக்கொள்வது ஒன்றே ஒன்று: உங்கள் கண்ணெதிரே போகக் கூடாது. பிறகு கட்டிலுக்கு அடியில் போகும். அம்மோனியா கலந்த திரவத்தால் துடைத்தால் அது மூத்திர வாசனையாகவே நாய்க்குப் படும், அதே இடத்தில் மறுபடி போகும். நாய் மூத்திர வாசனையை நீக்குவதற்கென்றே விற்கும் என்சைம் திரவம் நல்லது.

நடைக்குப் போகும்போது அந்தப் பகுதித் தெருநாய்கள் சுற்றிக்கொள்ளும். லீஷில் இருக்கும் நாயால் ஓடவும் முடியாது, பணியவும் முடியாது; அதனால்தான் சண்டை. கையில் ஒரு குடை இருக்கட்டும். நடுவே விரித்துப் பிடித்துத் திரும்பி நடந்தால் பெரும்பாலான நாய்கள் நின்றுவிடும். கல் எறியாதீர்கள். கோடையில் காலை ஏழு மணிக்கு முன்பே போய்வந்துவிட வேண்டும். புறங்கையைத் தாரில் ஏழு நொடி வைத்துத் தாங்க முடியாவிட்டால் அதன் பாதமும் தாங்காது. மூன்று மாதம்வரை எங்கேயும் லீஷைக் கழற்றாதீர்கள், ‘கூப்பிட்டால் வருகிறதே’ என்ற தைரியத்தில்கூட.

தப்பி ஓடிவிட்டால் துரத்தக் கூடாது. துரத்துகிறவர் யாரானாலும் அதற்கு நாய் பிடிக்கிறவர்தான். உட்காருங்கள், எதிர்ப்பக்கம் மெல்ல நகருங்கள், அதன் படுக்கைத் துணியையும் வாசனையான சாப்பாட்டையும் தப்பிய இடத்தில் வையுங்கள். விடியற்காலை நான்கு, ஐந்து மணிக்குத் தெரு அடங்கியிருக்கும்போது, அது நம்பும் ஒரே ஒருவர் மட்டும் தேடட்டும்.

உறுமலைப் பற்றிச் சொல்லாமல் விட முடியாது. உறுமுகிற நாயை அடித்து உறுமலை நிறுத்தலாம். பயத்தை நிறுத்த முடியாது. அடுத்த முறை உறுமாமல் நேராகக் கடிக்கும். உதட்டை நக்குவது, தூக்கமே வராத நேரத்தில் கொட்டாவி, தலையைத் திருப்பிக்கொண்டு வெள்ளை விழி தெரியப் பார்ப்பது, உடம்பு விறைப்பது என்று உறுமலுக்கு முன்பே நாய் பலமுறை சொல்லியிருக்கும். தட்டில் கை வைத்துப் ‘பழக்க’ வேண்டாம். அது தின்றுகொண்டிருக்கும்போது போகிற போக்கில் இன்னும் நல்லதொரு துண்டைத் தட்டில் போட்டுவிட்டு நடந்துபோங்கள். கை வந்தால் நல்லது வருகிறது என்று புரிந்துகொள்ளும். தூங்கும் நாயைக் குழந்தை கட்டிப்பிடிக்க விடாதீர்கள். பெரியவர் இல்லாத அறையில் சிறு குழந்தையும் புதிய நாயும் இருக்கவே கூடாது.

கடி பட்டுவிட்டால் நாய்க்கு ஊசி போட்டிருந்தாலும் சரி, சிறு கீறலானாலும் சரி, ஓடும் தண்ணீரில் சோப்புப் போட்டுப் பதினைந்து நிமிடம் கழுவி, அன்றே அரசு மருத்துவமனைக்கோ ஆரம்ப சுகாதார நிலையத்துக்கோ போக வேண்டும். 0, 3, 7, 28 ஆகிய நாள்களில் தோலுக்குள் போடும் வெறிநோய்த் தடுப்பூசி. ரத்தம் வந்த காயமானால், உடனே பாதுகாப்புத் தரும் இம்யூனோகுளோபுலின் மருந்தும் வேண்டும். நாயைப் பத்து நாள் கவனிக்கச் சொல்வார்கள். அதற்காக ஊசியைத் தள்ளிப்போடக் கூடாது. தெருவிலிருந்து அண்மையில் பிடித்த நாயின் உடம்பில் வெறிநோய்க் கிருமி மாதக்கணக்கில் வெளிப்படாமல் இருக்க முடியும்.

தனியாக விட்டுப் பழக்குவதை வேலைக்குப் போகிறவர்கள் கடைசி நாளுக்கு வைத்துக்கொள்கிறார்கள். ஒரு வாரம் விடுமுறை போட்டு நாள் முழுக்கக் கூடவே இருந்துவிட்டு, எட்டாம் நாள் காலை ஒன்பது மணிக்குப் பூட்டிக்கொண்டு போனால் கதவைப் பிராண்டாமல் என்ன செய்யும்? இரண்டாம் நாளிலிருந்தே அரை நிமிடம் வெளியே போய்த் திரும்புங்கள். பிறகு இரண்டு நிமிடம், ஐந்து, பதினைந்து. செருப்பு மாட்டுவதையும் சாவி எடுப்பதையும் போகாமலேயே பலமுறை செய்தால் அவை பயத்தின் அறிகுறியாக மாறாது. போகும்போதும் வரும்போதும் கொஞ்சல் வேண்டாம்.

சென்னை மாநகராட்சி எல்லையில் வளர்ப்பு நாய்க்கு ஆண்டுதோறும் உரிமமும் மைக்ரோசிப்பும் கட்டாயம். உரிமக் கட்டணம் ரூ. 50, இல்லாவிட்டால் அபராதம் ரூ. 5,000. சிப்பில் பதிவாகும் 15 இலக்க எண்ணோடு காப்பகத்தின் எண் அல்ல, உங்கள் எண் இணைந்திருக்கிறதா என்று பாருங்கள். அடுக்குமாடிக் குடியிருப்புச் சங்கம் நாய் வளர்க்கவே கூடாது என்று தீர்மானம் போட முடியாது. விலங்குகள் நல வாரியம் 2015-இல் வெளியிட்ட வழிகாட்டுதல் அதைத் தெளிவாகச் சொல்கிறது. கழிவை அள்ளும் கடமை உங்களுடையது. எவ்வளவு முயன்றும் ஒத்துவரவில்லை என்றால் வாங்கிய காப்பகத்திடமே கொடுங்கள். கடற்கரைச் சாலையில் இறக்கிவிட்டுப் போவது வழிதெரியாத நாயைப் பட்டினிக்கு விடுவது. 1960-ஆம் ஆண்டு மிருகவதைத் தடுப்புச் சட்டத்தின் 11-ஆவது பிரிவின்கீழ் குற்றம்.

இவ்வளவையும் தத்தெடுக்கிறவர்கள் தாமாகத் தெரிந்துகொள்ள வேண்டும் என்று எதிர்பார்ப்பது நியாயமில்லை. முகாமில் நாயைக் கையில் கொடுத்து, போட்டோ எடுத்து, அனுப்பிவிடுவதோடு வேலை முடிந்ததாக நினைப்பதை மாநகராட்சியும் காப்பகங்களும் மாற்றிக்கொள்ள வேண்டும். தமிழில் ஒரு பக்கத் தாள் போதும். அதில் கடைசியாக ஊசி போட்ட நாள், குடற்புழு நீக்கிய நாள், உண்ணி மருந்தின் பெயரும் நாளும், அதுவரை தின்ற உணவு, பயப்படும் பொருள்கள், குழந்தைகளிடமும் மற்ற நாய்களிடமும் எப்படி இருந்தது என்பதெல்லாம் எழுதியிருக்க வேண்டும். மூன்றாம் நாள், பதினான்காம் நாள், தொண்ணூறாம் நாள் ஒரு தொலைபேசி அழைப்பு. பதினான்காம் நாள் அழைப்பில் முதல் கேள்வி ‘சாப்பிடுகிறதா?’ என்றிருந்தால் உண்ணிக் காய்ச்சல் பாதியை அங்கேயே பிடித்துவிடலாம். தீபாவளிக்கு முந்தைய மூன்று வாரமும் தத்தெடுப்பு முகாம் நடத்துவதைத் தயவுசெய்து நிறுத்த வேண்டும். வெடிச் சத்தத்தில் ஓடி வீடு திரும்பத் தெரியாமல் தொலையும் நாய்களில், அந்த வீட்டின் வழியே இன்னும் பிடிபடாத புதிய நாய்கள்தான் திரும்பக் கிடைப்பது கடினம்.

இப்படிக்கு,
நாய்க் காப்பகத் தன்னார்வலர்கள் சிலர்,
சென்னை.